இரண்டு நாளின் தண்ணீர்

தியெப் துறைமுகத்தில் கடல்
நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வரும்.
பதினோரு வருடமாக மதகைத் திறந்து மூடுகிறவன் நான்,
எனக்குப் பழகிவிட்டது.
ஓவியர் லெமெர்ஸ்யேவுக்குத் தெரியவில்லை.

ஜூன் பன்னிரண்டு, காலை ஆறு மணி.
மீன் ஏலத்துக்கு முதுகைக் காட்டிப் பலகையை ஊன்றியவர்
மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.
சுங்கச் சாவடிச் சுவருக்கு ரோஜா நிறம் வைத்தார்.
காரை பெயர்ந்த சுவர் அது,
நாய்கள் காலைத் தூக்கும் இடம்.
ஆனால் எட்டிப் பார்த்தேன்: ரோஜாதான்.
நியூஹேவன் கப்பலின் கரிப்புகைக்கு ஊதா.
என் மதகுக்கு ஒரு கோடு.
எனக்கு, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.

மறுநாள் அதே ஆறு மணிக்கு வந்து
"தண்ணீரை என்ன செய்தீர்கள்?" என்றார்,
நான் குடித்துத் தீர்த்தது போல.
நிலாவைக் கேளுங்கள் என்றேன்.
இதே வெயிலும் இதே பெருக்கும்
ஒரே மணியில் சந்திக்கப் பதினைந்து நாள்.
இருக்கிறேன் என்றார்.
விடுதிக்காரி விலையை ஏற்றினாள்.

இருந்தார்.
ஆறு மணிக்கு வெறும் சேறு கிடந்த நாளில்
அதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்;
ஒரு நண்டு, ஒரு ஒற்றைச் செருப்பு.
சீட்டாட்டத்தில் எங்களிடம் தோற்றார்.
கானாங்கெளுத்தி வறுவலை
முள்ளோடு தின்னப் பார்த்தார்.

என் பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
எலோடி. குயிபெல் சகோதரர் இருவர், பையன் ஒருவன்.
புறப்பாடு, ஜூன் 18, முற்பகல் 11.10.
அன்றிரவு மூடுபனி. எச்சரிக்கைக் கொம்பு
விடிய விடிய மாடு போல் கத்தியது.
மூன்றாம் நாள் த்ரெபோர் கரையில் ஒரு மீன்கூடை,
கைப்பிடியில் அவர்கள் வீட்டு முடிச்சு.

இருபத்தேழு.
அதே வெயில். அதே நீர், விரல் அளவும் பிசகாமல்.
கரையில் எலோடி நின்ற இடத்தில்
இரும்பு வளையம் மட்டும்.
ஆனால் துணியில் அவள் நிற்கிறாள்,
பன்னிரண்டாம் தேதியே வைத்துவிட்டார்.
தண்ணீரைத்தான் கடைசிக்கு விட்டிருந்தார்.

"அழித்துவிடட்டுமா?"

நான் மதகுக்காரன், எனக்கென்ன தெரியும்.
பதிவேட்டை எடுத்து வந்து காட்டினேன்.
புறப்பாடு. வரவு.
வரவுக் கட்டம் காலி.
"இதில் என்ன எழுதுவீர்கள்?"
வந்தால் எழுதுவேன் என்றேன்.

நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார்.
பிறகு தூரிகையைத் துடைத்துக்கொண்டு
தண்ணீரைத் தீட்டினார், அன்று இருந்த தண்ணீரை.
மற்றப் பாய்மரங்கள் தலைகீழாக நெளிந்தன.
தேவாலயக் கோபுரம் நீரில் நடுங்கியது.
செதில் உரித்துப் போட்டது போல் வெயில்.
எலோடியின் அடியில் மட்டும்
நிழல் இல்லை.
தடையில்லாத வெளிச்சம்.

நான்கு வருடம் கழித்து, பல் பிடுங்க ரூவானுக்குப் போனபோது
கண்காட்சியில் அதைப் பார்த்தேன்.
வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையோடு நின்றேன்.
"அவசரக்காரர்கள்," என்றார் ஒரு கனவான் தன் மனைவியிடம்,
"படகுக்கு நிழல் போட மறந்திருக்கிறான், பார்."
அவள் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள்.
நான் வாயைத் திறக்கவில்லை;
பல் இருந்த பள்ளத்தில் ரத்தம் ஊறியது.

ஊர் திரும்பியதும்
மூத்த குயிபெலின் மனைவி செலினி வந்தாள்,
கையில் பாதி பின்னிய வலை.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

படத்தில் அது ஒரு பச்சைத் தீற்றல்,
மேலே துருநிறத்தில் ஒரு தொடுதல்.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரையைப் பார்த்து, என்றேன்.