ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி

முப்பத்தொரு வருசமாய் மேசன் வேலை.
வளலாயிலிருந்து அச்சுவேலி வரைக்கும்
எத்தனை நிலை நிறுத்தியிருப்பேன், எண்ணவில்லை.
உள்ளறைக்கெல்லாம் இரண்டரை அடி.
ஏன் இரண்டரை என்று
ஒரு சுவரும் என்னைக் கேட்டதில்லை.

பவளராணி கேட்டாள்.
வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்து
அத்திவாரத்துக்குக் கயிறு கட்டிய காலை
சில்லுக்கதிரையில் வந்தாள்.
வரைபடத்தை மடியில் விரித்து,
"இதில நான் எங்க இருக்கிறன்?" என்றாள்.
இரண்டு அறை, ஒரு குசினி,
முன்னுக்கு விறாந்தை, ஏற மூன்று படி.
காட்டப் போன என் விரல்
முதல் படியிலேயே நின்றுவிட்டது.

அளவுநாடாவை என்னிடம் வாங்கித்
தன் கதிரையைத் தானே அளந்தாள்.
இருபத்தாறு அங்குலம்.
"மொளிக்கு அந்தக் கரை மூண்டு,
இந்தக் கரை மூண்டு போடுங்கோ அண்ணை"
என்று கைகளை நீட்டினாள்.
ஒவ்வொரு மொளியிலும் நிலைகள் உரசிய தழும்பு.
இது கச்சேரி, இது வங்கி,
இந்தப் பெரியது தங்கச்சி வீடு.

மூன்றடி நிலை வைத்தோம்.

பறித்துவிட்ட மணலை மட்டமாக்கச் சொல்லி
அதன்மேல் ஒருமுறை சுழன்றாள்.
சில்லு கீறிய வட்டம் ஐந்தடி.
அதைச் சுற்றித்தான் குளியலறை எழும்பியது.
கதவு வெளியே திறக்கட்டும் என்றாள்.
"உள்ள விழுந்தனெண்டால்
என்ர உடம்பே கதவை மறிச்சுப்போடும்."
விழுந்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.
சாந்து குழைக்கிற பெடியன் கேட்டான்.
இரண்டு மணித்தியாலம், என்றாள்.

ஆளிகள் இறங்கின.
குசினித் தட்டின் கீழ் முழங்கால் போக வெளி விட்டேன்.
யன்னலும் இறங்கியது.
றோட்டால் போகிறவர்களின் தலையை மட்டும்
பார்த்துச் சலித்துவிட்டதாம்.

ஓவசியர் வந்தார்.
ஒருத்திக்காகப் பிளானை மாத்தேலாது,
எல்லாருக்கும் ஒரே பிளான்தான் என்றார்.
"அப்ப எல்லாருக்கும் இதையே குடுங்கோ" என்றாள்.
மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ண
மூன்று தரம் உதைத்தார் மனிசன்.

மாரியில் வெள்ளம் ஏறும் காணி,
மேடை ஒன்றரை அடி.
ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்வு,
பதினெட்டு அடி வேணும்.
வாசலிலிருந்து படலைக்குப் பன்னிரண்டுதான்.
எலுமிச்சையைத் தறிப்போமா என்றேன்.
பூத்திருக்கு, சுத்திப் போவம் என்றாள்.
மரத்தடியில் ஓர் ஆறுதல் தளம்,
பிறகு ஒரு திருப்பம்.
என் வேலைகளில் வளைந்து போனது அது ஒன்றுதான்.

குடிபூரலன்று
காஸ் சிலிண்டர் அதில் உருண்டு ஏறியது.
பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஏறினாள்,
வெங்காய மூட்டையோடு சைக்கிள் ஏறியது.
பக்கத்து வீட்டு ஆடு
இளஞ்சூட்டுக்குப் படுத்துவிட்டது,
ஒருவரும் கலைக்கவில்லை.

பின்னேரம் அமிர்தநாதன் ஏறினான்.
என் கூட்டாளி. ஒரு கால் பொய்க்கால்.
கைபிடியைத் தடவித் தடவி, ஆறுதலாய்,
உள்ளே போய்க் கதிரையில் இருந்து
தேத்தண்ணி குடித்தான்.
நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.
பதினொரு வருசமாய்
என் வீட்டுப் படலையில் நின்று கதைத்துவிட்டுப் போகிறவன்.
"உள்ள வாவன்" என்பேன்.
"இல்லையடாப்பா, நேரம் போட்டுது" என்பான்.
மரியாதைக்காரன் என்று
மனிசியிடம் சொல்லியுமிருக்கிறேன்.

என் வீட்டு வாசலுக்கு நாலு படி.
சிவப்புச் சீமெந்து, ஓரத்தில் வளைவு,
ஊரில் முதலாவதாய் நான் போட்ட டிசைன்.

நேற்று மேல்படியை உடைத்தேன்.
கல்லாய் இறுகிக் கிடந்தது,
என்ர கலவை அப்படி.
இரண்டாவதில் மழை பிடித்துவிட்டது.
மனிசி பின்வாசலால் போய் வருகிறாள்,
பேசிக்கொண்டுதான்.
அமிர்தனுக்கு இன்னும் சொல்லவில்லை.
முற்றம் பதினாறு அடி.
சாய்வுக்கு எங்கே வளைவது என்று
கயிறும் கையுமாய் நிற்கிறேன்.