போன வருடத்து டயறி

இருமல் மருந்துக் கொம்பனிக்காரன் கொடுத்தது.
அட்டையில் தேன் போத்தலும் சிரிக்கிற பிள்ளையும்.
பாமசியில் யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.
வருடம் முடிந்துபோனதால்
அதில் எல்லாக் கிழமையும் ஒருநாள் பிந்தி நடக்கும்.
செவ்வாய் என்று அச்சடித்ததை வெட்டிப்
புதன் என்று எழுதிவந்தேன், தை மாதம் முழுக்க.
மாசியில் விட்டுவிட்டேன்.
செவ்வாயிலேயே இருக்கட்டும் எங்கள் புதன்கள்.

இரவு பத்து மணி.
தேவமலர் ஆஸ்பத்திரி டெலிபோன் அறைக்குப் போய்விட்டாள்,
விடியும்வரை 'கொஞ்சம் லைனில் இருங்கோ' என்று சொல்ல.
ஆரணி நித்திரை.
யூனிபோர்ம் அயன் பண்ணிய மேசையில்
சூடு ஆறுமுன் டயறியை வைத்தால்
தாள் கொஞ்சம் வளைந்து கைக்கு இதமாக இருக்கும்.
அந்தச் சூட்டில் நாலைந்து வரி.

அவள் இன்று என்ன செய்தாள் என்று தொடங்கினால்
மூன்றாம் வரியில் நான் வந்து நிற்கிறேன்
கத்திக்கொண்டு.

'காலை ஆறு முப்பத்தைந்து. சப்பாத்து ஒன்றைக் காணவில்லை. கத்தினேன்.
பாணைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். கத்தினேன்.
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறியபின் கேட்டாள்:
அப்பா, கடலுக்கு உப்புப் போட்டது ஆர்?
பிறகு சொல்கிறேன் என்றேன்.
பிறகு சொல்லவில்லை.'

எந்த டொக்டரின் கிறுக்கலையும் வாசித்து
மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான்.
என் எழுத்து எனக்கே விளங்காத பக்கங்கள் இருக்கின்றன.
கோபத்தில் எழுதியவை; பேனை அழுத்தி
அடுத்த இரண்டு நாளுக்கும் தழும்பு.
அப்படி ஒன்று, பதினோராம் திகதி:

'மூன்றாவது தண்ணிப் போத்தலையும் தொலைத்துவிட்டாள்.
ஹம்னாவுக்குக் கொடுத்தேன் என்கிறாள். பொய்.
பொய் சொல்லப் பழகுகிறாள்.
நாளைக்கு வெறுங்கையோடு போகட்டும், தாகம் தெரியட்டும்.'

போனாள்.
பங்குனி வெயில்.
திரும்பி வந்து குழாயடியில் வாய் வைத்துக் குடித்ததை
நான் எழுதவில்லை. பார்த்தேன்.

இன்று பள்ளிக்கூட கேற்றடியில் மழைக்கு ஒதுங்கி நிற்க,
ஆட்டோவில் ஏறினாள் ஒரு சின்னப்பிள்ளை,
முக்காட்டின் நுனியைக் கடித்தபடி.
கையில் பச்சைப் போத்தல்.
ஸ்டிக்கர் பாதி உரிந்து 'ரணி' மட்டும் மிச்சம்.

ஆரணி பார்த்தாள், நான் பார்த்ததைப் பார்த்தாள்.
'சொன்னேன்தானே' என்று சொல்லவில்லை.
குடைக்குள் வந்து,
'அவவின்ர வாப்பாவுக்கு இப்ப வேலை இல்லையாம்,
ஒண்டும் கேக்காதேங்கோ' என்றாள்.
அவ்வளவுதான். பிறகு
கன்ரீன் நாய் நனைந்த கதைக்குப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டேனா?
ஒரு கட்லட் வாங்கிக் கொடுத்தேன்.
உறைக்குது என்று பாதியை என்னிடமே தந்தாள்.

பதினோராம் திகதியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
'பொய்' என்ற சொல்லை வெட்டலாம்.
வெட்டினால், அன்று நான் அப்படி நினைக்கவில்லை என்றாகிவிடும்.
அதுவும் பொய்.
ஓரத்தில் சிறிதாக,
மருந்துப் பக்கெற்றில் எழுதுகிற எழுத்தில், எவரும் வாசிக்கும்படி:
'உண்மை சொன்னாள். தாகத்திலும் சொன்னதை மாற்றவில்லை.'

இன்றைய பக்கத்தில் சிவப்பு மையில்
போயா தினம் என்றிருக்கிறது. போன வருடத்து நிலா.
யன்னலில் உப்புக்காற்று தின்ற கம்பி,
அப்பால் இருட்டு,
மருதானைப் பக்கம் போகும் ரெயில் ஒன்று
தட்டுமுட்டுகளை அதிர வைத்துவிட்டுப் போகிறது.

எழுப்பிச் சொல்லலாமா?
நித்திரையில் இருக்கிற பிள்ளையிடம் கேட்கிற மன்னிப்பு
கேட்கிறவனுக்குத்தான்.
காலையில் சொல்ல வேண்டும். ஆறு முப்பத்தைந்துக்கு முன்னம்.

கீழே குறித்து வைக்கிறேன்:
போத்தல் வாங்க வேண்டும், மூடி இறுக்கமானது.
கடலின் உப்பைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும்.
நாளை பி.ரி. பாடம்; கன்வஸ் சப்பாத்துக்கு
வெள்ளை பூசி யன்னலில் வைத்திருக்கிறேன்.
மழைக்காற்று. இன்னும் காயவில்லை.