தவிட்டில் இரண்டு தடம்

புதுவயல் அரிசி ஆலைக் களத்தில்
தவிடு படிந்த சிமெண்டுத் தரையில்
கேப்பையை ஓட விட்டேன்.
நடையுமில்லை பாய்ச்சலுமில்லை,
இடையில் ஓர் ஓட்டநடை உண்டு.
அதில் மட்டும் எலும்பு பொய் சொல்லாது
என்பார் அடைக்கலம் கம்பவுண்டர்.

முன்னங்கால் எடுத்த இடத்தில்
பின்னங்கால் வந்து விழவேண்டும்.
தவிட்டில் நான் பார்த்தது
இரண்டு வரிசை.

நான் பைக் மெக்கானிக்.
சேசிஸ் கோணிய வண்டி
மழை விட்ட கண்டனூர் ரோட்டில்
இப்படித்தான் போகும்.
ஓட்டுகிறவனுக்குத் தெரியாது,
பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்.

குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தேன்.
தோள்பட்டை எலும்பு பின்னால் சாயவேயில்லை.
ஏணியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால்
எவன் ஏறுவான்?
முன்கால் எட்டிப் போடப் பார்க்கிறது,
மூக்குக்கு நேரே போகுமுன்
தரைக்கு வந்துவிடுகிறது.
பின்புறமோ தாராளம்.
தொடையும் கணுக்காலும் மடிந்த மடிப்பில்
இன்னும் ஒரு நாய்க்கு உந்தல் இருக்கிறது.
பின்னால் ஐந்து கியர், முன்னால் மூன்று.

வருகிற கால் போகிற காலை இடிக்குமே
என்று இவளே ஒரு வழி பண்ணியிருக்கிறாள்:
இடுப்பை இடப்பக்கம் நாலு விரல் ஒதுக்கி
நண்டு மாதிரிப் போகிறாள்.
மூஞ்சியில் ஒரு வருத்தமும் இல்லை.

காரைக்குடிக் கண்காட்சியில்
நடுவர் இரண்டாம் சுற்றுக் கேட்கவில்லை.
"முன்பக்கம் நெட்டுக்குத்து" என்று எழுதிக்கொண்டார்.
குட்டிக்கு முன்பணம் தந்திருந்த
தேவகோட்டை சாத்தப்பன்
செருப்பைப் பார்த்தபடி நகர்ந்தார்.
அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிட்டேன்.
குட்டி வேண்டாம் என்றும் முடிவு செய்தேன்.
ஃபோர்க் என்றால் மாற்றிவிடலாம்,
மதுரையில் கிடைக்கும்.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்கையில்
மூட்டைச் சந்திலிருந்து ஓர் எலி.
கேப்பை போனாளா, பறந்தாளா?
முதுகு வில்லாய் வளைந்து அவிழ்ந்தது,
நாலு காலும் வயிற்றுக்கடியில் ஒரே கொத்து.
போய்ப் பார்த்தேன்.
தவிட்டில் ஒரு கொத்துத் தடம்,
பிறகு எட்டடிக்கு
வெறும் தவிடு.

எலி தப்பிவிட்டது.
நாக்கைத் தொங்கப்போட்டு
ஓட்டநடையில் திரும்பி வந்தாள்,
இடுப்பு இடப்பக்கம்.

துடைப்பத்தோடு வந்த காளிமுத்தன்
தரையைப் பார்த்து எரிந்து விழுந்தான்:
"எத்தனை நாயய்யா விட்டீங்க?"

ஒன்றுதான் என்றேன்.
நம்பவில்லை.