சிரட்டைக் கணக்கு

குலசேகரம் தாண்டி, மழையில்
வெட்டு நின்றுபோன ரப்பர் தோட்டம்.
மரத்துக்கொரு சிரட்டை.
பாலில்லை, இரண்டு விரற்கடை ஆனிமழை.
பிப்பெட்டில் உறிஞ்சி
வெள்ளைத் தட்டில் விடுகிறேன்,
கேள்விக்குறிகளாய் நெளிகின்றன.
இதுவரை நாற்பத்தொன்றில் இருபத்தாறு.

"கவுத்துப் போட்டா என்ன?"

ரசலையன் கம்பியைத் திருகியபடி,
"நானூறு மரம். வெட்டுனாத்தான் கூலி, மக்கா.
கவுத்துறதுக்கு எவன் தருவான்?"

என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

கொசு விரட்டும் களிம்பு
என் முழங்கை வரை மணக்கிறது.
அவர் மகள்
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்.
பிளேட்லெட் முப்பதாயிரம் என்றார்.
என் தாளில் முப்பதாயிரம் ஒன்றே ஒன்று:
நோயாளி பதினேழு,
பெண், வயது பதினொன்று.

நாற்பத்திரண்டாவது சிரட்டையை
எண்ணாமல் கவிழ்த்தேன்.
நாற்பத்துமூன்றையும்.

குறிப்பு:
மாதிரி கைதவறிச் சிந்திவிட்டது.