வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர்

கோத்தன்பர்க், நவம்பர்.
நாலு மணிக்கே சன்னலில் இருட்டு.
தராசில் வைத்த மீனைப் போல
இடது முன்கையை மெத்தையில் கிடத்தியிருக்கிறாள் இங்கெயெர்ட்.
பதினோராம் எண் டிராமை ஓட்டுகிற கை.
இன்று அது எங்கும் போகக்கூடாது.

ஊசியின் நுனி கண்ணுக்கே தெரியவில்லை.
நரம்பு ஒற்றைக் கம்பி அல்ல,
ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த வடம்;
அதில் ஒரே ஓர் இழையை
ஒட்டுக்கேட்க வேண்டும் டீசாவுக்கு.
இரண்டு மணி நேரமாக ஒலிபெருக்கியில் இரைச்சல்.
"தூங்கட்டுமா?"
"தூங்குங்கள். அசையாதீர்கள்."

அப்புறம்,
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தது போல,
பட். படபட. பட்.

டீசா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
ஐம்பத்தெட்டு வருடமாக
இந்தத் தோல் பேசிக்கொண்டுதான் இருந்தது.
அதன் சொந்தக்காரி
காதால் கேட்பது இன்றுதான்.

"என்ன சொல்கிறது?"
"உள்ளே இரண்டு தடங்கள்.
ஒன்று விரைவு வண்டி.
தொட்டது எது, எந்த இடம், சொரசொரப்பா வழவழப்பா,
நீங்கள் இமைப்பதற்குள் மூளையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.
மற்றது நடந்து வருவது.
முழங்கை, தோள், கழுத்து என்று
ஏறக்குறைய ஒரு வினாடி நடக்கும்.
நாம் பிடித்திருப்பது நடந்து வருகிறவனை."

"தாமதமாக வந்து என்ன செய்வான்?"

டீசா பதில் சொல்லாமல்
ஆட்டுமுடித் தூரிகையை எடுக்கிறாள்.
வேகமாக இழுக்கிறாள்: கடுகு நாலைந்துதான்.
எறும்பு ஊர்வதுபோல் இழுக்கிறாள்: அதுவும் இல்லை.
வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர்:
ஒலிபெருக்கி பொரிந்து தள்ளுகிறது.

அழுகிற குழந்தையின் முதுகை
யாரும் சொல்லித்தராமல் தடவுகிற வேகம் அது.
செய்தி போய்ச் சேருகிற இடம்
தோலின் வரைபடம் விரிந்த மேட்டில் இல்லை.
அங்கிருந்து உள்ளே,
மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தீவு.
அங்கே யாரும் "எங்கே?" என்று கேட்பதில்லை.
"சுகமா?" என்று மட்டும்.

"எப்படி இருக்கிறது?"
"ஒன்றுமில்லை.
நிறுத்தாதே."

சற்றுப் பொறுத்து, கூரையைப் பார்த்தபடியே:
"ஸ்டூரே நல்ல மனுஷன்.
முப்பத்தோரு வருடமாக என் கையைத் தடவுகிறான்,
சாப்பாட்டு மேசையைத் துடைக்கிற வேகத்தில்.
யாராவது அவனுக்கு
இந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள்.
தோள் குலுங்கியது.
முன்கை ஒரு மயிரிழை நகர்ந்தது.
ஒலிபெருக்கியில் மறுபடி இரைச்சல்.

போனது போனதுதான்.
அதே இழையை
இனி யாராலும் தேடிப்பிடிக்க முடியாது.
"மன்னித்துவிடு," என்கிறாள் இங்கெயெர்ட்.
டீசாவும் சிரிக்கிறாள், கொஞ்சம் அழுகையோடு;
மூன்று வாரத்தில் கிடைத்த முதல் இழை.

வெளியே மழை.
வண்டியில் காத்திருக்கிறான் ஸ்டூரே,
மடியில் காலியான பன் பொட்டலம்.
முன்கையின் பஞ்சையும் ஒட்டையும் பார்க்கிறான்.
"வலித்ததா?"
"இல்லை."

என்ன செய்வதென்று தெரியாமல்
கையை அவள் கைமேல் வைத்தான்.
துடைக்கவில்லை.
நகர்த்தவேயில்லை.

விரைவு வண்டிகளில் பாதி
முதல் நொடியிலேயே சலித்துத் திரும்பிவிட்டன,
போட்ட சட்டையைத் தோல் மறப்பதுபோல.
நடந்து வருகிறவனும் ஓய்ந்துபோனான்.
ஆனால் தோலடியில் சில உண்டு,
எதற்கும் சலிக்காதவை, கற்பனையற்றவை.
அழுத்தம் இருக்கும் வரைக்கும்
ஒரே வார்த்தையை அனுப்பிக்கொண்டிருப்பவை:
இருக்கிறது, இருக்கிறது, இன்னும் இருக்கிறது.

எண்ணைச் சொல்ல வாயெடுத்தவள்
சீட் பெல்ட்டை மாட்டினாள்,
வலது கையால் மட்டும்.