மிஞ்சிய திருகு

ஷிபு வாங்கியது ஒரே பெட்டி.
பாறசாலை வீட்டு வாசலில் வண்டி நின்று
இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.
செருகினான், எரிந்தது,
கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நிறத்தில்
நகைக்கடை மாதிரி.

எனக்குப் பதினோரு மாதம்.
கேபினெட் நாகர்கோவிலில்.
மதர்போர்டு மார்த்தாண்டத்தில், தவணைக்கு.
கிராபிக்ஸ் கார்டு நெய்யாற்றின்கரையில்
தங்கச்சி கல்யாணத்துக்கு விற்ற ஒருவனிடம்.
ஆனவண்டியில் மடியில் வைத்து வந்தேன்.
"பலகாரமா?" என்றார் கண்டக்டர்.
ஆமென்றேன்.
களியக்காவிளை செக்போஸ்டில்
கோழி லாரிகளைத்தான் நிறுத்தினார்கள்.

கூட்டிப் பார்த்தால் அவனைவிட
அறுபத்திரண்டாயிரம் மிச்சம்.
கூட்டலில் வராதது அந்த முதல் இரவு.
விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு.
பால்வெட்டப் போகிறவர்களின் நெற்றி விளக்குகள்
ரப்பர் மரங்களுக்கிடையே அசையத் தொடங்கும்வரை
கழற்றினேன், மாட்டினேன்,
கழற்றினேன்.

ஆறரைக்கு ஷிபு வந்தான்.
சிரிக்கத்தான் வந்தான் என்றிருந்தேன்.
கை கழுவினான், லுங்கியில் துடைத்தான்.
"ஞான் ஒண்ணு தொட்டோட்டே?"

அவன் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் உண்டு,
கிழிந்தால் வாரண்டி போச்சு.
எட்டு மாதமாக
வெளியே நின்றே பார்க்கிறான்.

ராமின் மேல் கட்டைவிரல் வைத்து அழுத்தினான்.
கிளிக்.
திரையில் எழுத்து வந்ததும்
அவன்தான் முதலில் கத்தினான்.

ஒரு திருகு மிஞ்சிக் கிடந்தது.
எங்கே உள்ளதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஸ்கூட்டரைக் கிளப்பினான்,
செக்போஸ்டைத் தாண்டி.