ம்

புதுக்கடை நீதிமன்றத்தில்
சத்தியம் செய்து நான் சேர்ந்தபோது வயது இருபத்தாறு.
தமிழை வாங்கிச் சிங்களத்தில் கொடுக்கிற வேலை.
கூட்டாமல், குறைக்காமல் என்று
கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

எட்டாம் மாதம் சன்னாசி கூண்டில் ஏறினான்.
பதுளைப் பக்கம். புறக்கோட்டையில் நாட்டாமி.
நாலாம் குறுக்குத் தெருக் களஞ்சியத்தில்
கராம்பு மூட்டை இரண்டு காணாமற்போன வழக்கு.
தோளில் சாக்குத் தூசு இன்னும் ஒட்டியிருந்தது,
அல்லது அதை நான் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

பின்கதவு திறந்து கிடந்தது உனக்குத் தெரியுமா என்றார்கள்.
நான் தமிழில் கேட்டேன்.
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
"ம்" என்றான்.
நான் "ஒவ்" என்றேன்.
தட்டச்சு இயந்திரம் அதை அடித்துக்கொண்டது.
பதினெட்டு மாதம்.

அன்றிரவு நான் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை,
வெள்ளவத்தைச் சந்தையில்
பாரை மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி
"நல்ல மீன் அக்கா, வெட்டவா?" என்றான் நஸ்மி.
கையிலிருந்த காசை மனதுக்குள் பிரித்துக்கொண்டே
"ம்" என்றேன்.
கத்தி இறங்கிவிட்டது.
ஐயோ, வேண்டாம், நான் சும்மா யோசிச்சனான்.
"நீங்கதானே அக்கா ம் எண்டீங்க."
அறுநூற்று நாற்பது ரூபாய்.
அவன் செதில் கழுவும்வரை நின்றேன்.
காலடியில் தண்ணீர் இளஞ்சிவப்பாய் ஓடியது.
அங்கேதான்
மின்விசிறியைப் பார்த்த கண்கள் எனக்குத் தெரிந்தன.

ஓம் என்பது என் வீட்டுச் சொல்.
பருத்தித்துறையிலிருந்து தகரப் பெட்டியோடு வந்தது.
பதுளைக்காரர் ஒத்துக்கொண்டால் "ஆமாங்க" என்பார்.
இது எனக்கு முதலே தெரியும்.
கொட்டாஞ்சேனைப் பள்ளியில் பக்கத்து வாங்கிலிருந்த பாக்கியம்
அப்படித்தான் சொல்வாள்; நாங்கள் சிரித்திருக்கிறோம்.
அம்மாவின் ம்-மை அடுத்த அறையிலிருந்தே பிரித்தறிவேன்,
கேட்கிறேன் என்பது எது, போதும் நிறுத்து என்பது எது என்று.
சம்பளம் வாங்கிய காதுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.
அவர் வாயில் இருந்தது ஒற்று மட்டும்.
ஓகாரத்தை நான் வைத்தேன்.

தேடினேன். வெலிக்கடையில் விடுதலைத் திகதி இருந்தது,
விலாசம் இல்லை.
மீனைக் குழம்பு வைத்தேன். வீட்டில் ருசி என்றார்கள்.

இப்போதெல்லாம் நான் சொல்வது இப்படி:
"சாட்சி 'ம்' என்கிறார், கனம் நீதவான் அவர்களே."
ஆமா, இல்லையா என்று எரிச்சலாய்க் கேட்பார்.
தெரியாது, திரும்பக் கேட்கவேண்டும் என்பேன்.
சட்டத்தரணிகள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.
என்னால் வழக்குகள் பிந்துகின்றன.
புதிதாய் வந்த பிள்ளைகள் என்னைவிட இரு மடங்கு வேகம்,
சொற்களும் அதிகம்.

இருபத்தைந்து வருடச் சேவைக்குக் கேக் வெட்டினார்கள்.
ஞானமுள்ளவர் என்று பேசினார் பதிவாளர்.
ஞானம். அதுவும் ம்-மில்தான் முடிகிறது.
எந்த ம் என்று அங்கே ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை.
என் பங்குக்கு நான் கட்டியது அறுநூற்று நாற்பது.
மிச்சத்தை யார் கட்டினார் என்றும் கேட்கவில்லை.
கேக்கில் ஐசிங் அதிகம்.

போன செவ்வாய் புறக்கோட்டையில் மழை.
"வழி, வழி" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.
வெங்காய மூட்டைக்குக் கீழே நரைத்த தாடி.
ஒதுங்கினேன். பிறகு குடையைச் சாய்த்துக்கொண்டு
கூடவே நடந்தேன்.
அண்ணே, சன்னாசி எண்டு ஒருத்தர், பதுளை,
முந்தி நாலாம் குறுக்கில வேலை செய்தவர்,
தெரியுமா?

மூட்டை நிற்கவில்லை.
பாரம் கழுத்தை அழுத்த
"ம்" என்றார்.

திரும்பக் கேட்க வாயெடுத்தேன்.
லொறி ஒன்று இடையில் வந்தது.